கண்ணுப் பானை

சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் விட்டால் ஒரு வாசனை வரும். புழுதியில் மழை விழுந்த வாசனை என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு. இதில் கொஞ்சம் சூடு இருக்கும், கொஞ்சம் கடல் இருக்கும், மூக்குக்குள் லேசாக அரிக்கும். இப்போது எங்கே வீடு கட்டினாலும் சிமெண்டு மூட்டைதான் வந்து இறங்குகிறது. அதற்கு வாசனை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. நான் பழசைப் புகழ்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற ஆசாமி இல்லை. பழைய காலத்தில் கொசு இன்னும் அதிகம் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனாலும் அந்தச் சுண்ணாம்பு வாசனை எங்காவது காற்றில் வந்தால் போகிற வேலையை மறந்து தெருவில் நின்றுவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கட்டடக் காண்டிராக்டரிடம் குமாஸ்தாவாக இருந்தேன். மந்தைவெளியில் குடித்தனம். இண்டர்மீடியட்டில் இரண்டு தடவை கோட் அடித்தவனுக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் யார் கொடுப்பார்கள்? காலையில் சாப்பிட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தால் ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை வழியாக மாம்பலம். அப்போது அங்கே ஏரியைத் தூர்த்து மனை போட்டிருந்தார்கள். தெரு என்று கோடு கிழித்திருக்கும், வீடு இருக்காது. மழைக்காலம் வந்தால் ஏரி தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வந்து அஸ்திவாரக் குழிகளில் உட்கார்ந்துகொள்ளும். தவளைகள் போடுகிற கூச்சலில் மேஸ்திரி சொல்வது கொத்தனாருக்குக் கேட்காது. மத்தியானம் வேப்பமரத்து நிழலில் டிபன் டப்பாவைத் திறந்தால் அடையாறு பக்கத்திலிருந்து காற்று வரும். அந்தக் காற்றில் தயிர்சாதம் சாப்பிட்ட சுகம் அப்புறம் எந்த ஆபீசிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் சொல்ல வந்தது ஒரு கண் டாக்டர் வீட்டைக் கட்டியபோது நடந்தது. டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியில் கண் பார்க்கிறவர். பேச்சு குறைவு. பூமி பூஜை முடிந்து வேலை ஆரம்பித்த புதிதில் ஒருநாள் மனையைச் சுற்றிப் பார்க்க வந்தார். கொல்லைப் பக்கம் சுண்ணாம்பு நீற்றுகிற குழி வெட்டியிருந்தோம். நொச்சிக்குப்பத்துக் கரையிலும் அதற்குத் தெற்கேயும் பொறுக்கின கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு மூட்டையாகக் கொண்டுவந்து அந்தக் குழியில் கொட்டுவார்கள். தண்ணீர் விட்டதும் அது சீறும், பொரியும், புகையும். கடைசியில் வெண்ணெய்ப் பதத்தில் அடங்கும். டாக்டர் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, தண்ணீர் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

குடிக்கவா என்று கேட்டேன். கண்ணுக்கு என்றார்.

தன்னிடம் வருகிற கேசுகளிலேயே மோசமானது சுண்ணாம்பு விழுந்த கண்தான் என்று அவர் காண்டிராக்டரிடம் சொன்னார். வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் அது கண்ணைத் தின்றுவிட்டிருக்கும். வைத்தியம் குழி ஓரத்திலேயே நடந்தாக வேண்டும். அதற்கு வேண்டியது தண்ணீர் ஒன்றுதான். தன் வீட்டைக் கட்டப்போய் ஒருவன் குருடானான் என்றால் அந்த வீட்டில் தான் தூங்க முடியாது என்றும் சொன்னார். காண்டிராக்டர் என் பக்கம் விரலை நீட்டி, இவன் பார்த்துப்பான் என்றார். எனக்கு வேலை வந்த விதம் இதுதான்.

புதுப் பானை ஒன்று, பெரியதாக. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். தினம் காலையில் பழசைக் கொட்டிவிட்டுப் பானையைக் கழுவிப் புதுசு நிரப்ப வேண்டும். வாய்க்கு வெள்ளைத் துணி. குழியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டே தட்டுத்தடுமாறி வந்தாலும் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். வழியில் செங்கல், கூடை, மண்வெட்டி எதுவும் கிடக்கக் கூடாது. பானை மேல் மூக்கு வைத்த ஒரு பாத்திரம். தலையைச் சாய்த்து, இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊற்ற வேண்டும். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். போதும் என்று உனக்குத் தோன்றின பிறகு இன்னும் அவ்வளவு நேரம் என்றார். சாயங்காலம் காரில் வந்து இறங்குவார். சுவர் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்றுகூடப் பார்க்க மாட்டார். நேரே பானைக்குப் போய்த் துணியைத் தூக்கி உள்ளே எட்டிப்பார்ப்பார்.

மூக்கு வைத்த பாத்திரத்துக்கு எங்கே போவது? என் மனைவி சீரோடு கொண்டுவந்த வெண்கலக் கெண்டி ஒன்று பரணில் சும்மா கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசலில் பிடித்துக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "எடுத்துண்டு போங்கோ. ஆனா சுண்ணாம்புக் குழிக்குப் போனது மறுபடி ஆத்துக்குள்ள வரப்படாது," என்றாள். எங்கள் வீட்டில் ஆசாரம் எல்லாம் அவள் இலாகா. கெண்டியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் வாரம் பானை மத்தியானத்துக்குள் காலியாகிவிடும். நிழலில் வைத்த புதுப் பானை, காய்ச்சி ஆறின தண்ணீர். வெயிலில் சாரத்தை விட்டு இறங்குகிற கொத்தனாருக்கு அதைவிட அமிர்தம் என்ன வேண்டும்? ஆளாளுக்கு மொண்டு குடித்தார்கள். ஒருவன் கெண்டியில் வாய் வைத்தே குடித்தான். நான் கத்தினேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அது அவர்களுக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த அபார யோசனை உதித்தது. பானைக் கழுத்தில் மஞ்சளைப் பூசி ஒரு வேப்பிலைக் கொத்தைக் கட்டினேன். கட்டினால் தொட மாட்டார்கள் இல்லையா? தொடவில்லைதான். மறுநாள் காலையில் வந்து பார்க்கிறேன், பானைக்கு முன்னால் கோலம். நெற்றி என்று ஒரு இடத்தைக் கண்டுபிடித்துக் குங்குமம். வாய்த் துணியின் மேல் கதம்பம். பக்கத்தில் பிழிந்த எலுமிச்சம்பழம். சித்தாள் பெண்கள் வேலையை ஆரம்பிக்குமுன் வரிசையாக வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறார்கள். ஐயரே பிரதிஷ்டை பண்ணின ஆத்தா, கண்ணைக் காப்பாற்றுகிறவள் என்று மேஸ்திரி எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறான். துணியைத் தூக்கினால் தண்ணீர் ரோஸ் நிறத்தில் இருக்கிறது. அன்றைக்கு என்று டாக்டர் காலையிலேயே வந்துவிட்டார். தண்ணீரைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பூஜை எல்லாம் அமோகமாக நடக்கிறதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே வேப்பிலையைப் பிடுங்கி எறிந்தேன், மஞ்சளைத் தேய்த்துக் கழுவினேன். பிரயோஜனம் இல்லை. வந்த ஆத்தா போகவில்லை. கண்ணுப் பானை என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது. கடைசியில் ஒரு ராஜி செய்துகொண்டோம்: பானைக்கு முன்னால் ஒரு செங்கல், பூவோ குங்குமமோ எல்லாம் அதன் மேல்தான், பானைப் பக்கம் கை வரக் கூடாது. அப்படியும் தினம் காலையில் துணி மேல் நாலு மல்லிகை கிடக்கும். திட்டிக்கொண்டே பொறுக்கி எறிவேன். அடுப்பில் தவலையை ஏற்றுவேன். சாரத்துத் துண்டு மரமும் தென்னம் பாளையும்தான் விறகு. புகையில் என் கண்ணும் சேர்ந்து எரியும்.

இந்தக் கூத்தில் சேராத ஒருத்தி இருந்தாள். சுண்ணாம்புக் குழி அவள் பொறுப்பு. நொச்சிக்குப்பத்துக்காரி. நாற்பது வயசுக்கு மேல் இருக்கும். குப்பத்தில் மற்றவர்கள் மீன் கூடை தூக்கப் போனபோது இவள் கிளிஞ்சலோடு காளவாய்க்குப் போனவள். இடது கண் முழுக்க வெள்ளையாக இருக்கும். வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டு அவள் பார்க்கிற பார்வையில் தண்ணீர் சுமக்கிற பெண்கள் நடுங்குவார்கள். குழியைச் சுற்றி நின்று அவள் போடுகிற அதட்டல் தெருமுனை வரை கேட்கும். சுண்ணாம்புக்குத் தாகம் என்பாள். அரைகுறையாக ஊற்றினால் அது ஆளைப் பார்த்துச் சீறும், தாகம் அடங்குகிற மட்டும் ஊற்ற வேண்டும் என்பாள். நாள் முழுக்க இதே பாட்டுதான். குடத்தைச் சாய்க்கிறவள் கொஞ்சம் நிறுத்தினால், தாகத்தோடு விடாதே என்று குரல் வரும். எனக்குத் தூக்கத்தில்கூட அந்தக் குரல் கேட்டதுண்டு.

அவள் என் பானையைத் திரும்பியும் பார்க்க மாட்டாள். ஒருநாள் நான் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று வெற்றிலை மென்றாள். அவளாகவே சொன்னாள். இளம்பெண்ணாகக் காளவாயில் வேலை பார்க்கும்போது கண்ணில் சுண்ணாம்பு தெறித்ததாம். பக்கத்தில் இருந்தவள் பதறிப்போய்க் கை நிறையத் தண்ணீர் அள்ளி அடித்தாளாம். அடித்ததும் கண் கொதித்ததாம். அப்புறம் விளக்கெண்ணெய் விட்டார்கள், பிள்ளை பெற்ற ஒருத்தியைக் கூட்டிவந்து தாய்ப்பால் விட்டார்கள், ஒன்றும் கேட்கவில்லை.

"சுண்ணாம்புல தண்ணி பட்டா இன்னா ஆவும்னு தெனம் பாத்துக்கினுதானே கீறே ஐயரே," என்றாள். "அதைக் கண்ணுல ஊத்துன்றியே. உங்க டாக்டரு படிச்சவருதான். அவரு குழியில நின்னாரா?"

அவள் சொன்னதை ஒதுக்க முடியவில்லை. நானும் தினம் அந்தக் கொதிப்பைப் பார்க்கிறவன்தானே. சாயங்காலம் டாக்டரிடம் கேட்டேன். வாழ்க்கை முழுக்க இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பதுபோலச் சலிப்போடு, ஏராளமாக ஊற்றினால் சூடு நிற்காது, சுண்ணாம்பும் நிற்காது என்றார். அவளிடம் போய்ச் சொன்னேன். சிரித்துவிட்டுக் குழிக்குப் போய்விட்டாள். அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரு கண். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். அந்த ஒரு கண்ணை நம்பித்தான் அவள் குடித்தனம் ஓடியது. குழி ஓரத்தில் அவள் குனியும்போதெல்லாம் பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப்பார்ப்பேன். அவள் குனியாத நேரமே கிடையாது.

ஐப்பசி மழை விட்டு வெயில் அடித்த ஒரு நாள். புதிதாக வந்த சித்தாள் ஒருத்தி குடத்தைச் சாய்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினாள். தாகத்தோடு விடாதே என்று கத்திக்கொண்டே நொச்சிக்குப்பத்துக்காரி குனிந்தாள். அடியில் நீறாமல் கிடந்த கட்டி ஒன்று வெடித்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை, எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரிதான். இவள் இரண்டு கையாலும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நான் கெண்டியோடு ஓடினேன். எனக்கு முன்னால் கிளிஞ்சல் வண்டிக்காரன், வண்டி அச்சுக்குப் போட வைத்திருந்த விளக்கெண்ணெய் மூங்கில் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். மேஸ்திரி, தண்ணீர் வேண்டாம், வெந்துவிடும் என்று என் தோளைப் பிடித்தான். சித்தாள்கள் செங்கல் ஆத்தாவைக் கும்பிடப் போனார்கள். யாரை யார் திட்டினோம் என்று எனக்கு நினைவில்லை. வண்டிக்காரன் கையைத் தட்டிவிட்டதில் எண்ணெய் முழுக்க என் வேஷ்டியில் கொட்டியது மட்டும் தெரியும். அவள் பக்கத்தில் மண்டி போட்டேன். அவள் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"வாணாம் ஐயரே. ஒண்ணு போச்சு. இதுவும் வெந்துபூடும்."

அவள் குரல் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. கையைப் பிய்த்து இழுத்து ஊற்றியிருக்கலாம். அவள் பலத்துக்கு நான் எந்த மூலை? டாக்டர் சொன்னதைத் திரும்பச் சொல்வதில் பயனில்லை என்றும் தெரிந்தது. அப்போது வாயில் வந்தது அவளுடைய பாட்டுதான்.

"அன்னிக்கு ஒரு கை தண்ணிதானே அடிச்சா?" என்று கேட்டேன். "ஒரு கை தண்ணி ஊத்தினா சுண்ணாம்பு என்ன பண்ணும்? நீயே சொல்லு."

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சீறும்," என்றாள்.

"அடங்கணும்னா?"

அவள் கையை எடுத்தாள். கண்ணைச் சுற்றி வெள்ளையும் சிவப்பும் குழம்பிக் கிடந்தது. தானாகவே மணல் குவியலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "ஊத்து. நிறுத்தாதே," என்றாள்.

இமையைப் பிரித்துப் பிடித்து ஊற்றினேன். முதல் கெண்டிக்கு அவள் உடம்பு வில்லாக வளைந்தது. நிறுத்திவிடத் தோன்றியது. நிறுத்தாதே என்று அவளே அதட்டினாள். மேஸ்திரி பானையிலிருந்து மொண்டு மொண்டு கொடுத்தான், தடுத்த அதே மேஸ்திரி. வெள்ளைத் துணுக்கு ஒன்று கண்ணோரமாக வழிந்து வந்ததைப் பார்த்தேன். பானை காலியானது. அத்தனை நாள் காய்ச்சி ஆறவைத்து, பூப்பொறுக்கி, சண்டை போட்டுக் காப்பாற்றின தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் தீரும் என்று நான் நினைக்கவில்லை. கெண்டியைப் பிடித்துக்கொண்டு விழித்தேன்.

"இன்னாடி பாத்துக்கினு நிக்கிறீங்க," என்று படுத்த இடத்திலிருந்தே ஒரு குரல். "கொண்டாங்கடி. தாகத்தோட வுடாதீங்க."

தினம் அவளிடம் திட்டு வாங்கின பெண்கள்தான். தங்கள் குடிநீர்க் குடங்களை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். பாதி பேர் கிணற்றுக்கு ஓடினார்கள். ஒருத்தி தன் முந்தானையைக் குடத்தின் வாயில் பிடித்து வடிகட்டிக் கெண்டியில் ஊற்றினாள். அவர்கள் தண்ணீரை நானும் நான் தொட்ட கெண்டியை அவர்களும் தொடுவதா வேண்டாமா என்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஜட்கா வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகும் ஊற்றினேன். தேனாம்பேட்டை தாண்டி மவுண்ட் ரோடு நெடுக வண்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. வைக்கோல் மெத்தை நனைகிறது என்று ஜட்காக்காரன் முணுமுணுத்தான். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் வந்து கெண்டியைக் கையிலிருந்து வாங்கின பிறகுதான் என் விரல்கள் விறைத்துப்போயிருப்பது தெரிந்தது.

அதற்கப்புறம் வந்த நாட்கள் எனக்குப் பிடிக்காத நாட்கள். குழியில் அதட்டல் இல்லை. வேறு ஒருத்தி நின்றாள், அவளுக்குக் குரலே வராது. டாக்டர் சாயங்காலம் வந்து பானைக்குள் எட்டிப்பார்ப்பார். அவளைப் பற்றிக் கேட்டால், கட்டு இன்னும் பிரிக்கவில்லை, பார்ப்போம் என்பார். நான் தினமும் தண்ணீரைக் கொட்டி, கழுவி, காய்ச்சி, ஆறவைத்து நிரப்பினேன். இரண்டு கண்ணும் போய் அவள் குப்பத்துக் குடிசையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதற்கு நான்தானே காரணம் என்று பயமாக இருந்தது. ஊற்றச் சொல்லி அவளைப் பேச்சில் மடக்கினவன் நான்தானே. வீட்டில் சோறு இறங்கவில்லை. என் மனைவி காரணம் கேட்டாள். சொன்னேன். கேட்டுவிட்டு மோர் ஊற்றினாள்.

கார்த்திகை பிறந்து ஒரு காலை. நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். வாசல் பக்கம் நிழல் தட்டியது. முக்காடு போட்டுக்கொண்டு ஒருத்தி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புகையில் எனக்கு ஆள் யார் என்று தெரியவில்லை.

"இன்னா ஐயரே," என்றாள். "சட்டைப் பித்தானை மாத்திப் போட்டுக்கினு கீறே?"

குனிந்து பார்த்தேன். மாற்றித்தான் போட்டிருந்தேன்.

நான் அழுதேன். புகை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அடுப்புக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். சொல்லத் தோன்றவில்லை. அவள் கண் சிவந்திருந்தது, நீர் வடிந்துகொண்டிருந்தது, தூரத்துப் பொருள் கொஞ்சம் கலங்கலாகத்தான் தெரிகிறதாம். பித்தான் தெரிகிறதே, அது போதாதா?

அவள் நேரே பானைக்கு வந்தாள். மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். மயிலாப்பூரில் அம்மன் கோயில் வாசலில் விற்கிற வெள்ளித் தகட்டுக் கண்மலர். கண் நோய் தீர்ந்தவர்கள் வாங்கிக் காணிக்கை போடுவது. ஜோடியாகத்தான் வரும், இரண்டு கண்ணும் ஒரே தகட்டில். அவள் கையில் இருந்தது ஒன்றுதான். நடுவில் கத்தரியால் வெட்டின ஓரம் கரடுமுரடாக இருந்தது. இன்னொன்று எங்கே என்று கேட்டேன். ஆத்தா உண்டியலில் போட்டாயிற்றாம்.

"எனக்கு ஒண்ணுதானே கீது," என்றாள். "ரெண்டுத்தையும் ஆத்தாளுக்கே போட்டுட்டா உன் பானைக்கு இன்னா குடுப்பேன்?"

அத்தனை மாதமாக அந்தப் பானையிலிருந்து பூவையும் குங்குமத்தையும் பொறுக்கி எறிந்தவன் நான். பானைக்குள் எதுவும் விழக் கூடாது, மேலே எதுவும் ஒட்டக் கூடாது. அந்தத் தகட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் ஒரு நூல் கயிற்றில் கோத்துக் கெண்டியின் கழுத்தில் இறுக்கிக் கட்டினேன். அவள் கட்டு சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுக் குழிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அதட்டல் கேட்டது. சாயங்காலம் டாக்டர் வந்தார், கெண்டியைக் கையில் எடுத்து அந்த ஒற்றைக் கண்ணை வெகுநேரம் பார்த்தார். பிறகு வாய்த் துணியைச் சரிசெய்து, அதைத் தன் கையாலேயே பானை மேல் வைத்துவிட்டுப் போனார்.

வீடு முடிந்து கிரகப்பிரவேசம் ஆனதும் குழியைத் தூர்த்தார்கள். பானை விரிசல் விட்டிருந்தது, உடைத்துப் போட்டேன். கெண்டியை என்ன செய்வது? ஒரு துணியில் சுற்றிச் சைக்கிள் ஹாண்டிலில் மாட்டிக்கொண்டு மந்தைவெளிக்கு வந்தேன். உள்ளே எடுத்துப்போகத் தைரியம் இல்லை. வாசல் படியிலேயே வைத்துவிட்டுக் கால் கழுவப் போனேன். திரும்பி வரும்போது படியில் கெண்டி இல்லை.

கொல்லையில் என் மனைவி புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெண்கலம் பொன்னாக மின்னியது. கழுத்தில் இருந்த நூல் கயிறு அறுந்துவிடாமல் இருக்க அந்தத் தகட்டை இடது கை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். பிறகு அலம்பித் துடைத்து உள்ளே கொண்டுபோய்ச் சுவாமி அலமாரியில் வைத்தாள்.